மெஸ்ஸி அணி வெளியே, ஒன்பதாவது அணி உள்ளே: பிளே-ஆஃப் முறையை ஏன் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்?

தூத்தூர்_பத்தாம்நம்பர் | 10 நவம்பர் 2024, காலை 9:20

பார்த்தவர்கள் கை தூக்குங்கள். காலை ஆறரைக்கு ஆட்டம். ஞாயிறு பூசை முடிந்து ஊர் வெளியே வரும் நேரத்தில் மெஸ்ஸியும் வெளியே வந்துவிட்டார். அட்லாண்டா 3, இன்டர் மயாமி 2.

லீக் சுற்றில் மயாமி எடுத்தது 74 புள்ளி. அமெரிக்காவின் எம்எல்எஸ் கால்பந்து லீக்கில் ஒரு பருவத்தில் இவ்வளவு எடுத்த அணி வேறு கிடையாது. அட்லாண்டா எடுத்தது 40. கிழக்கு மண்டலத்தில் ஒன்பதாவதாக வந்து, மான்ட்ரியலிடம் டை பிரேக்கரில் (பெனால்டி ஷூட்-அவுட்) தப்பித்து, அப்புறம் மயாமியோடு மூன்று ஆட்டத் தொடர். முதல் ஆட்டம் மயாமிக்கு 2-1. இரண்டாவது அட்லாண்டாவுக்கு 2-1, அதுவும் கூடுதல் நிமிடத்தில் விழுந்த கோல். இன்று அட்லாண்டாவின் ஸ்லிஷ் தலையால் முட்டியதோடு கதை முடிந்தது. 34 ஆட்டம் ஆடிச் சேர்த்த 34 புள்ளி முன்னிலை இரண்டே வாரத்தில் ஆவி.

இதை இங்கே கேட்க ஒரு காரணம் உண்டு. எங்கள் ஊர் கமிட்டியிலும் இதே சண்டைதான். கிறிஸ்துமஸ் விடுமுறை மின்னொளிப் போட்டிக்கு 12 அணி வருகிறது. இதுவரை சீட்டு குலுக்கி நேராக நாக்-அவுட். போன வருடம் ஃபைனலுக்கு வரும் என்று எல்லோரும் நினைத்த அணி முதல் ராத்திரியே டை பிரேக்கரில் போய்விட்டது. மறுநாளிலிருந்து கூட்டம் பாதி. இந்த வருடம் முறையை மாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடவே கூடாது என்று இன்னொரு கூட்டம். எம்எல்எஸ்காரன் 1996-லிருந்து மாற்றிக்கொண்டே இருக்கிறானே, கடைசியில் எதைத்தான் கண்டுபிடித்தான்? விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

நீலச்சட்டை_நாகர்கோவில் | 10 நவம்பர், காலை 9:41

டிக்கெட் விற்க வழி கண்டுபிடித்தான் மக்கா. வேறென்ன.

பழைய_கோலி_குளச்சல் | 10 நவம்பர், காலை 11:05

தம்பி, டிக்கெட் என்று ஒரே வரியில் முடிப்பது சரியில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த நேரத்தில் ஒரு வலி இருந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

1996-ல் லீக் தொடங்கும்போது மொத்தமே 10 அணி. அதில் 8 அணி பிளே-ஆஃபுக்கு. வெளியே நிற்பது இரண்டே அணி என்றால் லீக் சுற்று எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். மண்டல அரையிறுதியும் மண்டல இறுதியும் மூன்று ஆட்டத் தொடர், ஃபைனல் மட்டும் ஒரே ஆட்டம். பேஸ்பாலும் பாஸ்கெட்பாலும் பார்த்து வளர்ந்த சனத்துக்குத் தொடர் என்றால்தான் பழக்கம். டிராவும் கிடையாது. ஆட்டம் சமமாக முடிந்தால் 35 கெஜத்திலிருந்து பந்தை ஓட்டி வந்து ஐந்து நொடிக்குள் கோலியைத் தாண்டி அடிக்க வேண்டும். உலகமே சிரித்த முறை அது. ஆனால் நான் கோல் கம்பத்துக்கு நடுவில் நின்றவன், எனக்கு அது பிடித்திருந்தது. பெனால்டியில் கோலி கோட்டிலேயே நிற்க வேண்டும். அங்கே முன்னால் ஓடி வரலாம், கோணத்தை அடைக்கலாம், அடிப்பவன் கால் நடுங்குவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். 1999-ஓடு அதை எடுத்துவிட்டார்கள்.

2000-ல் வந்தது அதைவிட விசித்திரம். வெற்றிக்கு 3, டிராவுக்கு 1, மூன்று ஆட்டத்துக்குள் முதலில் ஐந்து புள்ளியைத் தொடும் அணி மேலே போகும். எழுதிப் பார்த்தால் அழகாக இருக்கும். ஒரு வெற்றி, ஒரு டிரா என்றால் நான்கு புள்ளிதான், தொடர் முடியவில்லை, மூன்றாவது ஆட்டம் ஆட வேண்டும். அதிலும் சமம் என்றால் திடீர்க் கோல், அதாவது முதலில் அடிப்பவனுக்கு வெற்றி. கேலரியில் உட்கார்ந்திருப்பவன் விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது. 2002 வரை இழுத்தார்கள்.

2003-ல் இரண்டு லெக், அதாவது ஆளுக்கு ஒரு மைதானத்தில் ஒரு ஆட்டம், மொத்தக் கோல் கணக்கு. ஐரோப்பா மாதிரி. வந்த முதல் வருடமே அந்த முறைக்கு ஒரு ஆட்டம் அமைந்தது பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸி முதல் லெக்கில் 2-0. சான் ஹோசேயில் இரண்டாவது லெக், முதல் கால் மணிக்குள் மேலும் இரண்டு. மொத்தம் 4-0. எல்லோரும் எழுந்து போகிற நேரம். சான் ஹோசே தொண்ணூறு நிமிடத்துக்குள் நான்கு அடித்துச் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் கோல்டன் கோல் போட்டு 5-4 என்று ஜெயித்தது. அந்த வருடக் கோப்பையும் அவர்களுக்குத்தான். ஒரே ஆட்டம் என்று வைத்திருந்தால் இந்தக் கதை ஏது?

மீதி சாப்பிட்டுவிட்டு வந்து.

மஞ்சள்_மார்த்தாண்டம் | 10 நவம்பர், பகல் 12:30

இரண்டு லெக் என்றதும் 2014 ஞாபகம் வருகிறது. நம் நாட்டு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கிய முதல் வருடம். லீக் சுற்றில் சென்னை முதலிடம், எங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் நான்காமிடம். கொச்சியில் 3-0 அடித்தோம். சென்னையில் அவர்களும் 3-0 அடித்துவிட்டார்கள், நாங்கள் செத்தோம் என்று நினைத்தபோது 117-வது நிமிடத்தில் எங்கள் பியர்சன் அடித்தார். எங்கள் தெருவில் பாதி வீடு மஞ்சள், பாதி நீலம். அன்றைக்கு யாரும் யாரோடும் பேசவில்லை.

நீலச்சட்டை_நாகர்கோவில் | 10 நவம்பர், பகல் 12:34

தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு கேரளாவுக்குக் கைதட்டியதையும் பெருமையாக எழுது. ஃபைனலில் என்ன ஆச்சு என்று மட்டும் எழுதிவிடாதே.

மஞ்சள்_மார்த்தாண்டம் | 10 நவம்பர், பகல் 12:40

எனக்குக் கொச்சி ஸ்டேடியம் சென்னையைவிடப் பக்கம் அண்ணே. ரயிலில் ஏறிப் பார்த்தால் தெரியும்.

புள்ளிப்பட்டியல் | 10 நவம்பர், மாலை 4:15

நீங்கள் சொல்லும் கதை எல்லாமே எனக்குத்தான் சாட்சி. முதலிடம் பிடித்த சென்னை வெளியே, நான்காமிடம் ஃபைனலில். அதை ஒருவர் சந்தோஷமாகச் சொல்கிறார், இன்னொருவர் வயிற்றெரிச்சலோடு கேட்கிறார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

ஐஎஸ்எல்லில் 2023-24 வரை முடிந்தது பத்து பருவம். லீக் சுற்றில் முதலிடம் பிடித்த அணியே கோப்பையும் வாங்கியது இரண்டு முறை: 2018-19 பெங்களூரு, 2020-21 மும்பை. எம்எல்எஸ்ஸில் 2023 வரை 28 பருவத்தில் எட்டு முறை. மீதி வருடமெல்லாம் நன்றாக ஆடியவன் ஒருவன், சாம்பியன் வேறொருவன்.

ஜப்பானைப் பாருங்கள். ஜே லீக் 2015-லும் 2016-லும் பருவத்தை இரண்டாக வெட்டி முடிவில் பிளே-ஆஃப் வைத்தது. 2016-ல் உராவா 74 புள்ளி, காஷிமா 59. ஃபைனலில் காஷிமா சொந்த ஊரில் 0-1 தோற்று, உராவாவில் 2-1 ஜெயித்து, வெளியூர்க் கோல் கணக்கில் (மொத்தம் சமம் என்றால் எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்தவனுக்கு வெற்றி) சாம்பியன். 15 புள்ளி பின்னால் இருந்தவன் கையில் கோப்பை. 2017-ல் ஜப்பான் அந்த முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு பழையபடி ஒரே பட்டியலுக்குப் போய்விட்டது. புத்திசாலி.

ஊர்ப் போட்டிக்கும் அதுதான் சரி. லீக் வையுங்கள், அதிகப் புள்ளி எடுத்தவனுக்குக் கோப்பையைக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை | 10 நவம்பர், இரவு 8:50

நான் அதே கமிட்டியில் பணம் பார்க்கிறவன், அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை. 12 அணி, ஆளுக்கு ஆள் ஒரு முறை ஆடினால் 66 ஆட்டம். ராத்திரிக்கு இரண்டு என்றால் 33 ராத்திரி. லைட், ஜெனரேட்டர், மைக், ரெஃபரி சாப்பாடு யார் தருவது? நாக்-அவுட் என்றால் 11 ஆட்டத்தில் முடிந்தது.

எம்எல்எஸ் பற்றியும் ஒன்று. 2019-லிருந்து 2022 வரை எல்லாச் சுற்றும் ஒரே ஆட்டம், மேலே இருக்கும் அணியின் மைதானத்தில். கீழே இருந்து உள்ளே நுழைந்த அணி பருவம் முழுக்கப் பாடுபட்டும் சொந்த ஊர்க்காரனுக்கு ஒரு பிளே-ஆஃப் ஆட்டத்தைக்கூடக் காட்ட முடியாமல் போகலாம். முதலாளிகளுக்கு அது உறுத்துமா இல்லையா? 2023-ல் மூன்று ஆட்டத் தொடர் திரும்பி வந்ததால் முதல் சுற்றுக்கு வந்த 16 அணிக்கும் குறைந்தது ஒரு சொந்த ஊர் ஆட்டம் உறுதி. அதே வருடம்தான் ஆப்பிளோடு போட்ட ஒளிபரப்பு ஒப்பந்தமும் தொடங்குகிறது. அப்போது பேசியது பத்து வருடம், குறைந்தது 250 கோடி டாலர். அவ்வளவு கொடுப்பவனுக்குக் காட்ட ஆட்டம் வேண்டும். நியாயம் அநியாயம் எல்லாம் அப்புறம்.

வள்ளவிளை_லெஃப்ட்பேக் | 10 நவம்பர், இரவு 10:12

33 ராத்திரியாம்! எங்கள் அணியில் பாதிப் பேர் கொச்சியிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் போட் ஏறுகிறவர்கள். ஆழ்கடலுக்குப் போனால் எப்போது கரை தொடுவோம் என்று எங்களுக்கே தெரியாது. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஊரில் இருப்போம், புது வருடம் கழிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவோம். அதற்குள் முடிகிற மாதிரி எதை வேண்டுமானாலும் வையுங்கள். பட்டியல் நியாயம் எல்லாம் கரையில் சம்பளம் வாங்குகிறவனுக்கு.

புள்ளிப்பட்டியல் | 10 நவம்பர், இரவு 10:20

மன்னிக்கவும் சகோ, அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஐஎஸ்எல்லுக்கும் எம்எல்எஸ்ஸுக்கும் போட் ஏறுகிற பிரச்சினை இல்லையே. அவர்கள் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

பழைய_கோலி_குளச்சல் | 11 நவம்பர், காலை 7:15

விட்ட இடத்திலிருந்து.

இரண்டு லெக் காலத்தில் இன்னொரு கூத்து நடந்தது. இரண்டு மண்டலத்திலும் மேலே வருபவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டு மீதி இடங்களை மண்டலம் பார்க்காமல் புள்ளி வரிசையில் நிரப்பினார்கள். அணி கூடிப்போன மண்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து எதிர்ப்பக்க அட்டவணையில் செருகுவார்கள். அப்படித்தான் 2008-ல் நியூயார்க் அணி மேற்கு மண்டல சாம்பியன் ஆனது! 2009-ல் மேற்கே இருக்கும் ரியல் சால்ட் லேக் கிழக்கு வழியாக வந்தது. லீக் சுற்றில் 11 வெற்றி, 12 தோல்வி, 7 டிரா. தோல்வி அதிகமுள்ள அணி எட்டாவது இடத்தைப் பிடித்து உள்ளே வந்து, சியாட்டிலில் நடந்த ஃபைனலில் பெக்காமும் டோனவனும் ஆடிய கேலக்ஸியை டை பிரேக்கரில் சாய்த்தது. டோனவன் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே. 2010-ல் கொலராடோவும் கிழக்கு வழியாகவே போய்க் கோப்பையைத் தூக்கியது.

ஃபைனல் எங்கே என்பதும் மாறியது. 2011 வரை ஊரை முன்கூட்டியே முடிவு செய்வார்கள். 2010-ல் கொலராடோவும் டாலஸும் டொராண்டோவில் போய் ஆடினார்கள், நவம்பர் குளிரில், இரண்டு ஊர்க்காரனுக்கும் சம்பந்தமில்லாத இடத்தில். 2012-லிருந்து மேலே இருக்கும் அணியின் சொந்த மைதானத்தில் ஃபைனல். என் கணக்கில் இத்தனை வருடத்தில் அவர்கள் செய்த உருப்படியான மாற்றம் இது ஒன்றுதான். லீக் சுற்றில் உழைத்ததற்குக் கையில் ஏதோ மிஞ்சுகிறது.

2014-லிருந்து 2018 வரை வெளியூர்க் கோல் விதி இருந்தது. 2014 மேற்கு இறுதியில் கேலக்ஸி 1-0, சியாட்டில் 2-1, மொத்தம் 2-2, கேலக்ஸி மேலே. 2019-ல் எல்லாவற்றையும் ஒரே ஆட்டமாக்கினார்கள். நவம்பரில் தேசிய அணிகளுக்காக லீக் நிற்கும், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று. முடித்தும் காட்டினார்கள், அந்த வருட ஃபைனல் நவம்பர் 10. 2020-ல் தொற்று, ஆட்டங்கள் குறைந்தன, 26 அணியில் 18 பேரை உள்ளே விட்டார்கள். 2023-ல் மறுபடி 18, மூன்று ஆட்டத் தொடரோடு. 1996-ல் எங்கே தொடங்கினார்களோ பாதி அங்கேயே வந்து நிற்கிறார்கள்.

தம்பி கேட்டதற்குப் பதில்: அவர்கள் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு புகாரை அடைக்கும்போது பக்கத்தில் இன்னொன்று திறக்கிறது. ஆட்டம் குறைவு என்றால் தொடர் வந்தது. தொடர் நீளம் என்றால் ஒரே ஆட்டம். ஒரே ஆட்டம் குருட்டு அதிர்ஷ்டம் என்றால் மறுபடி தொடர்.

விசில்_வாத்தியார் | 11 நவம்பர், மாலை 5:40

அண்ணாச்சி எழுதியது அருமை. ஒரு ரெஃபரியாக என் வருத்தம் வேறு இடத்தில். இப்போதுள்ள மூன்று ஆட்டத் தொடரில் கூடுதல் நேரம் கிடையாது. 90 நிமிடம் சமம் என்றால் நேராக டை பிரேக்கர், அதில் ஜெயிப்பதும் முழு வெற்றியாகவே எண்ணப்படும். கோல் வித்தியாசத்துக்கு மதிப்பே இல்லை.

இந்த வருடம் ரியல் சால்ட் லேக் கதையைப் பாருங்கள். மேற்கில் மூன்றாமிடம். ஆறாமிடத்து மினசோட்டாவோடு முதல் ஆட்டம் 0-0, டை பிரேக்கரில் தோல்வி. இரண்டாவது 1-1, அதிலும் டை பிரேக்கரில் தோல்வி. 90 நிமிடத்தில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வீட்டுக்கு. இதற்குப் பெயர் தொடராம்.

ஐஎஸ்எல் 2022-23-ல் செய்தது பரவாயில்லை. அதுவரை நான்கு அணி, இரண்டு லெக் அரையிறுதி. அந்த வருடத்திலிருந்து ஆறு அணி. முதல் இரண்டு இடம் நேராக அரையிறுதிக்கு, மூன்றிலிருந்து ஆறு வரை மேலே உள்ளவன் மைதானத்தில் ஒரே ஆட்டம். பட்டியலில் உயர்ந்து நின்றவனுக்கு ஓய்வு, அடுத்தவனுக்குச் சொந்த மைதானம் என்று படிப்படியாகக் கூலி இருந்தது.

நீலச்சட்டை_நாகர்கோவில் | 11 நவம்பர், மாலை 5:52

சார், அந்த ஒரே ஆட்டத்தின் முதல் வருடமே என்ன நடந்தது என்று மார்த்தாண்டம் தம்பியைக் கேளுங்கள் 😄

மஞ்சள்_மார்த்தாண்டம் | 11 நவம்பர், மாலை 6:10

தெரிந்தே குத்துகிறார். 2023 மார்ச் 3, பெங்களூரு. கூடுதல் நேரத்தில் ஃப்ரீ கிக், எங்கள் ஆட்கள் சுவர் நிற்பதற்குள் சேத்ரி அடித்துவிட்டார், ரெஃபரி கோல் கொடுத்துவிட்டார். கோச் இவான் அணியை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்புறம் நாலு கோடி அபராதம். இரண்டு லெக்காக இருந்திருந்தால் கொச்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். அடுத்த ஆட்டமே இல்லை என்பதால்தான் அந்தக் கொதிப்பு. வாத்தியார் கோபிக்கக்கூடாது, எனக்கு இன்றைக்கும் அது கோல் இல்லை.

விசில்_வாத்தியார் | 11 நவம்பர், மாலை 6:31

கோபம் இல்லை. ஆனால் விசில் வேண்டும் என்று அடிப்பவன் கேட்கவில்லை என்றால் உடனே அடிக்கலாம். சேத்ரி கேட்டாரா, ரெஃபரி என்ன சொன்னார் என்பதில்தான் தகராறு. இதற்கு மேல் இதைப் பேசினால் இழை முழுக்க இதுவாகிவிடும்.

இரவிபுத்தன்துறை_மணல் | 11 நவம்பர், இரவு 9:05

பிளே-ஆஃபைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. 2019-20 ஐஎஸ்எல்லில் கோவா 39 புள்ளி, கொல்கத்தா அணியான ஏடிகே 34. பட்டியலே முடிவு என்றால் ஏடிகேவுக்கு ஒன்றுமில்லை. பிளே-ஆஃப் இருந்ததால் 2020 மார்ச் 14 அன்று கோவாவில் ஆளில்லாத ஃபதோர்டா மைதானத்தில் சென்னையை 3-1 என்று ஜெயித்து ஏடிகே கோப்பை வாங்கியது. அந்த அணியில் யார் இருந்தார்? எங்கள் ஊர் மைக்கேல் சூசைராஜ். அந்தக் கோப்பையை நாங்கள் அநியாயம் என்று சொல்ல வேண்டுமா?

புள்ளிப்பட்டியல் | 11 நவம்பர், இரவு 9:30

சூசைராஜ் என்றதும் எனக்கும் வாய் அடைத்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன். அதே வருடம்தான் லீக் சுற்றில் முதலிடத்துக்குத் தனியாக ஷீல்டு கொடுக்கத் தொடங்கினார்கள், ஆசிய சாம்பியன்ஸ் லீக் இடமும் கோவாவுக்குத்தான் போனது. கோப்பை ஏடிகேவுக்கு, மரியாதை கோவாவுக்கு. அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறேன்.

தூத்தூர்_பத்தாம்நம்பர் | 12 நவம்பர், காலை 8:00

எல்லோருக்கும் நன்றி. கமிட்டியில் நேற்று வந்த யோசனை: மூன்று பேர் கொண்ட நான்கு குரூப், குரூப் முதலிடம் அரையிறுதிக்கு. 12 லீக் ஆட்டம், இரண்டு செமி, ஒரு ஃபைனல், ஆக 15. யாரும் முதல் ராத்திரியே வெளியே போக மாட்டார்கள்.

விசில்_வாத்தியார் | 12 நவம்பர், காலை 8:45

மூன்று பேர் குரூப் வேண்டவே வேண்டாம் தம்பி. கடைசி ஆட்டத்தில் ஒரு அணி சும்மா உட்கார்ந்திருக்கும், ஆடுகிற இரண்டு பேருக்கும் எத்தனை கோல் போதும் என்று முன்பே தெரியும். பேசி வைத்து ஆடினால் நான் விசில் ஊதி என்ன செய்ய? ஃபிஃபாவே 2026 உலகக் கோப்பைக்கு மூன்று பேர் கொண்ட 16 குரூப் என்று 2017-ல் முடிவு செய்துவிட்டு, 2023 மார்ச்சில் மாற்றி நான்கு பேர் கொண்ட 12 குரூப் ஆக்கியது. ஆட்டம் 104 ஆனாலும் பரவாயில்லை என்று. நம் ஊரில் பக்கத்துப் பங்கு அணிகள் இரண்டு ஒரே குரூப்பில் வந்தால் நினைத்துப் பாருங்கள்.

வள்ளவிளை_லெஃப்ட்பேக் | 12 நவம்பர், காலை 9:02

நினைத்தேன். சிரித்தேன். வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | 12 நவம்பர், இரவு 9:15

ஐபிஎல்லில் 2011-லிருந்து இருப்பதை வைத்தால் என்ன? முதல் இரண்டு இடத்துக்குத் தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு. கிரிக்கெட் என்று முகம் சுளிக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்.

போன வருடம் முதல் நான்கு இடம் வந்த அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. மீதி எட்டு அணிக்கு நான்கு ஆட்டம். ஜெயித்த நான்கும் ஓய்வெடுத்த நான்கும் கால் இறுதியில், அது நான்கு ஆட்டம். மிஞ்சிய நான்கு அணியில் ஒன்றும் இரண்டும் மோத வேண்டும், ஜெயித்தவன் ஃபைனலுக்கு. மூன்றும் நான்கும் மோத வேண்டும், தோற்றவன் வீட்டுக்கு. மிஞ்சிய இரண்டு பேரும் மோதி ஜெயித்தவன் இரண்டாவது ஃபைனலிஸ்ட். ஃபைனலோடு சேர்த்து நான்கு ஆட்டம். மொத்தம் 12. பழைய முறையைவிட ஒரே ஒரு ஆட்டம்தான் கூட! மயாமிக்கு இந்த முறை இருந்திருந்தால் ஒரு முறை தோற்றும் உயிரோடு இருந்திருக்கும்.

பழைய_கோலி_குளச்சல் | 12 நவம்பர், இரவு 9:48

மயாமி ஒரு முறை தோற்றும் உயிரோடுதான் இருந்தது, இரண்டாவது முறையும் தோற்றது. அதை விடுங்கள். யோசனை நல்லது. ஆனால் நான்கு பேரில் ஒன்று யார், இரண்டு யார்? ஐபிஎல்லுக்குப் பட்டியல் இருக்கிறது. உங்களிடம் இல்லை. போன வருட வரிசையை வைத்தால் போன வருடம் ஆடிய வெளியூர் ஆள் இந்த வருடம் வேறு அணியில் நிற்பான்.

தூத்தூர்_பத்தாம்நம்பர் | 13 நவம்பர், காலை 7:30

கால் இறுதியை வைத்தே வரிசை போடலாமா? ஆட்ட நேரத்துக்குள் ஜெயித்தவன் மேலே, டை பிரேக்கரில் வந்தவன் கீழே. அதற்குள் கோல் வித்தியாசம். அதுவும் சமம் என்றால் சீட்டு. வாத்தியார் சொன்ன சால்ட் லேக் அநியாயத்துக்கு இது ஒரு மருந்து. டை பிரேக்கருக்குக் காத்திருந்து ஆடினால் மேலே போகலாம், ஆனால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

விசில்_வாத்தியார் | 13 நவம்பர், காலை 8:10

இது எனக்குப் பிடித்திருக்கிறது. கோல் வித்தியாசத்துக்கு மட்டும் ஒரு உச்சவரம்பு வையுங்கள், மூன்றுக்கு மேல் எண்ண வேண்டாம். சின்ன ஊர் அணி கிடைத்தால் எட்டு கோல் அடித்து அவமானப்படுத்துகிற பழக்கம் சிலருக்கு உண்டு.

மஞ்சள்_மார்த்தாண்டம் | 8 டிசம்பர், காலை 6:05

இழையை எழுப்புகிறேன். ராத்திரி இரண்டரைக்கு ஃபைனல் பார்த்தவர்கள் உண்டா? கேலக்ஸி 2, நியூயார்க் ரெட் புல்ஸ் 1. மூன்று கோலும் முதல் அரை மணிக்குள். கேலக்ஸிக்கு ஆறாவது கோப்பை. ரெட் புல்ஸ் கிழக்கில் ஏழாமிடத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்தது, வழியில் நடப்பு சாம்பியன் கொலம்பஸையும் தூக்கியது. மயாமியைத் தூக்கிய அட்லாண்டா அடுத்த சுற்றிலேயே ஒர்லாண்டோவிடம் 1-0.

நீலச்சட்டை_நாகர்கோவில் | 8 டிசம்பர், காலை 8:20

பார்த்தேன். ரிக்கி புய்ச் இல்லாமல் ஜெயித்ததுதான் பெரிய விஷயம். சியாட்டிலோடு மண்டல இறுதியில் முழங்கால் ஜவ்வு அறுந்த பிறகும் களத்தில் நின்று வெற்றிக் கோலுக்குப் பந்து கொடுத்தவர்.

ஒன்று கவனித்தீர்களா, முதல் சுற்று முடிந்து அடுத்த சுற்றுக்கு இரண்டு வாரம் இடைவெளி, தேசிய அணி ஆட்டங்களுக்காக. அட்லாண்டா மயாமியைச் சாய்த்த சூடு முழுக்க அதில் ஆறிப்போனது. 2019-ல் எதைத் தவிர்க்க முறையை மாற்றினார்களோ அது 2023-ல் திரும்பி வந்துவிட்டது.

புள்ளிப்பட்டியல் | 8 டிசம்பர், காலை 9:00

ஷீல்டும் கப்பும் வேறு வேறு கையில், மறுபடியும். என் கணக்கு 29-க்கு எட்டு ஆகிவிட்டது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

தூத்தூர்_பத்தாம்நம்பர் | 8 டிசம்பர், பகல் 1:15

கமிட்டி முடிவு: கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன 12 ஆட்ட முறை, வாத்தியாரின் மூன்று கோல் வரம்போடு. டிசம்பர் 26 தொடக்கம். ஒரு பெரியவர் மட்டும் "தோற்றவனுக்கு எதுக்குடே இன்னொரு ஆட்டம்?" என்று கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்தான் கோப்பைக்குப் பணம் தருகிறவர், அதனால் ஃபைனலில் டை பிரேக்கருக்கு முன்னால் பத்துப் பத்து நிமிடம் கூடுதல் நேரம் வேண்டும் என்ற அவர் நிபந்தனையை ஏற்றுக்கொண்டோம்.

கணக்குப்பிள்ளை | 8 டிசம்பர், பகல் 1:22

அந்த இருபது நிமிடத்துக்கு ஜெனரேட்டர் டீசலும் அவர் தருகிறாரா என்று யாராவது கேட்டீர்களா?

வள்ளவிளை_லெஃப்ட்பேக் | 8 டிசம்பர், இரவு 7:40

நாங்கள் 22-ம் தேதி கரைக்கு வருவோம். எங்கள் அணிக்கு முதல் சுற்று ஓய்வு உண்டா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.